பேப்பர் வாங்காதவருக்கும் செய்தி கொடுக்கும் வேலை

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பத்திரிகை வேலைதான் வேண்டும் என்கிறாள். "பேப்பரையே எவனும் வாங்கறதில்ல, அதுல என்ன வேலை" என்று அவளுடைய தாய்மாமா சிரிக்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கணக்கென்றாலே ஒதுங்குகிற பிள்ளைக்கு நகையை அடகு வைத்து சீட் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

அவர் சொல்வதில் பாதி சரி. பேப்பர் வாங்காதவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அவர்களும் போனில் செய்தி பார்க்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவதற்கென்றே நாளிதழ்களில் சமூக ஊடகப் பிரிவு இருக்கிறது. நிருபர், உதவி ஆசிரியர் வேலைகள் எல்லோருக்கும் தெரியும். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஐப்பசி மழை, காலை ஆறு மணி. கலெக்டர் விடுமுறை அறிவிக்கிறார். பேப்பர் ஏற்கெனவே அச்சாகி வாசலில் கிடக்கிறது. சமூக ஊடக டெஸ்க்கில் இருப்பவர் மாவட்ட நிருபரிடம் உறுதிசெய்து நியூஸ் கார்டு, அதாவது செய்தியை ஒரே படத்தில் சொல்லும் அட்டை, போட வேண்டும். பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்குமா? மாவட்டம் முழுக்கவா, சில தாலுகாவுக்கா? கார்டில் தேதி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் அதே கார்டு வாட்ஸ்அப்பில் சுற்றும். பத்திரிகையின் லோகோவை ஒட்டி யாராவது போலிக் கார்டு விட்டால், 'இது நாங்கள் வெளியிட்டதல்ல' என்று உடனே மறுக்கவும் வேண்டும்.

அதே செய்தியை இடத்துக்கு இடம் மாற்றி எழுத வேண்டும். வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வரியும் லிங்க்கும் போதும். ஓயாமல் அனுப்பினால் வாசகர் மியூட் செய்துவிடுவார். ரீல்ஸைப் பலர் சத்தமில்லாமல் பார்ப்பதால் திரையில் எழுத்து ஓட வேண்டும். இந்த விதிகளும் நிலையானவை அல்ல. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், பத்திரிகைப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. 2020 ஜூனில் இந்திய அரசு டிக்டாக்கையே தடை செய்தது. ஒரு ஆப்பை மட்டும் கற்றவர் அத்தோடு நின்றுவிடுவார். செய்தி தெரிந்தவர் அடுத்த ஆப்புக்குப் போய்விடுவார். சட்டமும் தெரிய வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் சிறுமியின் பெயர் மட்டுமல்ல, பள்ளியின் பெயரையோ வசிக்கும் பகுதியையோகூடப் போடக் கூடாது. அவசரத்தில் கார்டு போடும்போதுதான் இந்தத் தப்பு நடக்கும்.

சரி, படிப்பு? லட்சக்கணக்கில் கொட்டித் தனியார் மீடியா பட்டம் வாங்குவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அரசு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் இருக்கும்போதே விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் தேவைப்பட்டால் ஒரு வருட இதழியல் டிப்ளமோ. ஆரம்பச் சம்பளம் கம்மிதான், விடியற்காலை ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் உண்டு. இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் அவளுக்கு நிறைய ஃபாலோயர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் தகுதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாதம் தினமும் ஒரு உள்ளூர் செய்தியை எடுக்கட்டும், மஞ்சள் ஏல விலையோ குடிநீர்ப் பிரச்சினையோ. எட்டு வார்த்தையில் கார்டுக்குத் தலைப்பு, நாற்பது நொடி ரீலுக்கு ஸ்கிரிப்ட், வாட்ஸ்அப்புக்கு இரண்டு வரி எழுதட்டும். பத்தாம் நாளே சலித்துப்போனால் அவளுக்குப் பிடித்தது கேமரா, செய்தி இல்லை. வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம். சலிக்காவிட்டால் எழுதிய அத்தனையையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.