வீட்டுக்கும் சூப்பர்வைசர் வர வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தம்பிகள். எங்கள் தமிழ்ச் சபையில் ஆலயக் குழுச் செயலாளரும் நான்தான். கிறிஸ்தவன் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். ஆனால் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒருவனும் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் சாரத்தில் ஒரு பலகை ஆடியதைப் பார்த்த ஒருவன் என்னிடம் சொல்லவே இல்லை. சேஃப்டி ஆபீசர்தான் கண்டுபிடித்தார். சபையில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் பவனிக்கு வாலிபர்கள் போட்ட பாட்டு வரிசையைக் கொஞ்சம் திருத்தினேன். பாதிப் பேர் வரவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகனிடம் ‘பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்’ வசனத்தைக் காட்டினால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். ‘வீட்டுக்கு வந்தாலும் சூப்பர்வைசர்தானா?’ என்கிறாள் மனைவி. சபைப் பொறுப்பையாவது விட்டுவிடலாமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. உழைப்பையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டதோடு முடிவுகளையும் எடுத்துக்கொண்டீர்கள், அங்கேதான் சிக்கல். நாற்காலி அடுக்குவதும் நீங்கள், எந்தப் பாட்டு என்று சொல்வதும் நீங்கள் என்றால் மற்றவர்களுக்கு அங்கே என்னதான் வேலை? ‘பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்க வேண்டும்’ என்று மாற்கு 10இல் இயேசு சொன்னதை, எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அவரே பன்னிரண்டு பேரையும் இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் அப்போது ஒன்றும் தேறினவர்களாக இருக்கவில்லை.

மோசேயும் உங்களைப் போலத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களின் வழக்கைத் தனியாக உட்கார்ந்து கேட்டார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, ‘நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்’ என்றார் (யாத்திராகமம் 18). மோசே மட்டும் சோர்ந்துபோவார் என்று அவர் சொல்லவில்லை. காத்துக்கிடக்கிற ஜனங்களையும் சேர்த்தே சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்துச் சின்ன வழக்குகளை அவர்களே தீர்க்கட்டும் என்றார். எத்திரோ மீதியானின் ஆசாரியர், வெளியாள். ஆனாலும் மோசே மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்தார். உங்கள் வீட்டு எத்திரோ ஏற்கெனவே பேசிவிட்டார், சகோதரரே.

இனி அந்த ஆடிய பலகை. அதைப் பார்த்த தம்பி ஏன் சொல்லவில்லை? ஒர்க் பெர்மிட்டில் வந்தவன், ஊரில் கடன் வைத்திருக்கலாம். பெர்மிட் முதலாளியின் கையில், உங்கள் ஒரு வார்த்தை முதலாளியின் காதில். போன தடவை குறை சொன்னவனுக்கு என்ன கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்து வாயை மூடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் யாருடைய உயிராவது போய்விடும். எபேசியர் 6:9 எஜமான்களிடம், வேலைக்காரரை மிரட்டுவதை விட்டுவிடச் சொல்கிறது.

நாளைக் காலை மீட்டிங்கை உங்கள் ஆட்களில் ஒருவரையே நடத்தச் சொல்லுங்கள், தமிழில். நீங்கள் ஓரமாக நில்லுங்கள். ‘எனி கொஸ்டின்?’ என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். ‘நேற்று எங்கே பயமாக இருந்தது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். முதலில் குறை சொல்கிறவனுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லிவிட்டு, அன்றைக்கே அதைச் சரிசெய்யுங்கள். வேலை தாமதமென்று மேலே திட்டு விழுந்தால் அதை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், கீழே இறக்காதீர்கள். நெகேமியா யூதாவில் 12 வருஷம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. ஜனங்கள் மேல் ஏற்கெனவே பாரம் இருந்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இதற்காகக் கண்டிப்பை விடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சேஃப்டி பெல்ட் மாட்டாதவனைக் கீழே இறக்குங்கள், அதில் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் திட்டுவதைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

கேரல் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘கொஞ்சம் திருத்தினேன்’ என்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அடுத்த வருஷம் பாட்டு, பஸ், பணம் எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஈசூனிலிருந்து பிடோக் போய்த் திரும்பவும் ஈசூனுக்கே வந்தாலும் பரவாயில்லை, பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து பாடுங்கள்.

மகனுக்குக் காட்டிய வசனம் கொலோசெயர் 3:20 என்றால், அதற்கு அடுத்த வசனம் உங்களுக்கானது: ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்.’ பதினைந்து வயதுப் பையனுக்கு வீட்டில் முடிவெடுக்க ஏதாவது இருக்கிறதா? பள்ளியில் பாடத்துக்கு வெளியே செய்யும் சிசிஏ, டியூஷன் நேரம், சனிக்கிழமை சாயங்காலம் இவற்றில் ஒன்றையாவது அவனிடம் விடுங்கள். அவன் தப்பாக முடிவெடுத்தால், ‘அன்றைக்கே சொன்னேனே’ என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருடைய ஓய்வுநாளையும் பாருங்கள். மாதம் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்று 2023 முதல் சட்டமே சொல்கிறது. பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் வேலைக்காரிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது.

சபைப் பொறுப்பை இப்போது விடாதீர்கள். கோபத்தில் விட்டால் கணக்கு, ஹால் புக்கிங், யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்களோடேயே போய்விடும். ‘நான் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை பார்’ என்று உங்களுக்கும் ஒரு திருப்தி வந்துவிடும். போதகரிடம் பேசி, வாலிபர்களில் ஒருவரைத் துணைச் செயலாளராகக் கேளுங்கள். ஆறு மாதம் கூட்டக் குறிப்பை அவர் எழுதட்டும். அதைத் திருத்தாமல் உங்களால் கையெழுத்துப் போட முடிகிற நாளில் தாராளமாக விலகிக்கொள்ளலாம்.