ஸ்பீக்கரில் ஏறி இறங்கும் ரீங்காரம்: ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2009-ல் பதிவாகி, 2019-ல் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட பழைய செடான் கார் வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு ரீங்காரம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுகிறது. ஒலி 96.8 வானொலி கேட்டாலும், போனிலிருந்து புளூடூத்தில் பாட்டுப் போட்டாலும் அதே சத்தம். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் அடங்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் போட்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். சுருதி எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குவதால் சத்தத்தின் பிறப்பிடம், எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான். ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரிலும் கொஞ்சம் சிற்றலை, அதாவது வோல்ட்டில் சிறு ஏற்ற இறக்கம், இருக்கும். அது ஸ்பீக்கர் வரை வர வழி எங்கே கிடைத்தது என்பதே கேள்வி. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வால்யூமைக் குறைத்தும் சத்தம் குறையவில்லை என்றால், அது வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. அதாவது ஆம்ப்ளிஃபயர், அதன் எர்த் (காரின் உலோக உடலோடு சேரும் இணைப்பு), அல்லது ரேடியோவிலிருந்து அதற்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள். வானொலியில் மட்டும் கேட்டிருந்தால் ஆன்டெனாவின் எர்த்தையோ, மலிவான யுஎஸ்பி சார்ஜரையோ, டேஷ்கேமையோ சந்தேகித்திருப்போம்.

முதலில் ரேடியோவை முழுதாக அணைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிக் கேளுங்கள். அப்போதும் பானெட் பக்கமிருந்து ஊளைச் சத்தம் வந்தால் அது பேரிங்கோ பெல்ட் புல்லியோ. மின்சாரச் சிக்கல் அல்ல.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நின்ற வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதால் புளோக் கார்நிறுத்துமிடத்தில் செய்யாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு ஹெட்லைட், ஏர்கான் காற்றாடி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் பிடித்து, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடுகள் நலம். 0.5-ஐத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. மலிவான சில மீட்டர்கள் இந்தச் சோதனையில் 30 வோல்ட் போலக் காட்டிப் பயமுறுத்தும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் வரும்; அப்படியானால் மீட்டர்தான் பொருத்தமில்லாதது, வேறு மீட்டரில் பாருங்கள். டயோடு போனதற்கு இன்னொரு அடையாளம், இரவு நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பது. டயோடே போயிருந்தாலும் முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவையில்லாமல் இருக்கலாம். டயோடு தட்டு, கார்பன் பிரஷ், பேரிங் மூன்றையும் மாற்றிப் புதுப்பித்துத் தருவார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது எர்த். இங்குள்ள ஈரப்பதத்தில் பதினைந்து வயது தாண்டிய காரின் எர்த் பட்டைகள் இணைப்பில் துருவேறி, உறைக்குள்ளே பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். அதே மின்சுமையில், மீட்டரை டிசியில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்கிற்கும் இடையே அளக்கவும். பின் நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையே. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டையைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். இந்த வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும்.

உங்கள் காரில் நான் அதிகம் சந்தேகிப்பது ஆம்ப்ளிஃபயரை. சீட் போல்ட்டில் எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயின்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அந்த இணைப்பில் எதிர்ப்பு கூடும், சத்தம் வரும். பெயின்ட்டைச் சுரண்டிய தரைத் தகட்டில், பவர் வயரின் அதே கனத்தில், 50 சென்டிமீட்டருக்கு மிகாமல் எர்த் கொடுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்காகத் தொடவே கூடாது.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லையா? ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி, நடு முனையும் வெளி வளையமும் சேர்த்துப் பற்றவைத்த ஆர்சிஏ பிளக்குகளை ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் மட்டும் செருகுங்கள்; ரேடியோவின் வெளியீட்டில் செருகினால் அது பாழாகும். இப்போதும் ரீங்காரம் இருந்தால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின்வயரிலோ. நின்றுவிட்டால் கேபிளிலோ ரேடியோவிலோ. கேபிள் பவர் வயரோடு ஒட்டிப் போகிறதென்றால் அதை வண்டியின் மறுபக்கமாக மாற்றுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். கேபிளும் சரியென்றால், ஆர்சிஏ வெளி வளையத்தை ரேடியோவின் உலோக உடலோடு ஒரு துண்டு வயரால் தொட்டுப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் ரேடியோவுக்குள் ஆர்சிஏ எர்த் அறுந்திருக்கிறது.

நாய்ஸ் ஃபில்டர் ஒன்றை மாட்டிச் சத்தத்தை அமுக்குவதை மட்டும் ஏற்காதீர்கள். டயோடு போன வண்டியில் அது காதுக்கு மட்டும் ஆறுதல். பேட்டரி கெட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: காரை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘டக் டக் டக்’ என்று சில விநாடிகள் கேட்டு நின்றுவிடுகிறது. ரிலே பழுதா?
– வாசகர், பிடோக்

பதில்: பெரும்பாலும் ஏர்கானின் காற்றுத் தடுப்பை நகர்த்தும் சிறு மோட்டார். அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பற்கள் உடைந்தால் மோட்டார் வழுக்கி வழுக்கி இப்படி அடிக்கும். வெப்பநிலையைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்புங்கள். பிறகு காற்றின் திசையை மாற்றுங்கள். கடைசியாக வெளிக்காற்று பொத்தானை அழுத்துங்கள். எதை மாற்றும்போது டக் டக் வருகிறதோ, அந்த மோட்டார்தான். பல கார்களில் இரண்டு மூன்று திருகும் ஒரு கனெக்டரும்தான் வேலை. இடம் இடுக்காக இருப்பதால் கூலி கூடலாம். மாற்றிய பின் சில மாடல்களில் மோட்டாருக்கு அதன் எல்லையைப் பழக்க வேண்டும், அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். அதுவரை வெப்பநிலைக் குமிழைத் தொடாமல் ஓட்டலாம்.

டக் டக்கோடு மீட்டர் விளக்குகளும் மங்கினால் விஷயம் வேறு. பேட்டரியில் வோல்ட் குறைந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) துடிக்கிறது. உடனே பேட்டரியைச் சோதியுங்கள்.