காரோடு மொராக்கோ: கப்பலுக்கு முன் காகிதங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்கள். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பிரான்ஸ், ஸ்பெயின் வழியாக மொராக்கோவின் மராகேஷ் வரை எங்கள் காரிலேயே போய்வர எண்ணியிருக்கிறோம். மூன்று மாத விசாவில் திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் தாயாரும் உடன் வருவார். கார் குத்தகையில் எடுத்தது. எந்தக் கப்பலில் முன்பதிவு செய்யலாம், எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: இந்தப் பயணத்தில் மிக எளிதான பகுதி கப்பல்தான். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே சுமார் 14 கிலோமீட்டர்தான் கடல். ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து டான்ஜியர் மெட் துறைமுகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், நாளுக்குப் பல கப்பல்கள் உண்டு. ஆகவே முன்பதிவைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் இரண்டு செய்திகளை முதலில் கவனியுங்கள்: தாயாரின் விசா, குத்தகைக் கார்.

தாயாரின் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று குறித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒன்று என்ற எண் மட்டும் இருந்தால், அல்ஹெசிராஸில் கப்பலேறும் நொடியில் அவர் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின், எல்லையை விட்டு வெளியேறியவராகிறார். விசாவில் இன்னும் இரண்டு மாதம் மீதம் இருந்தாலும் அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. பல முறை நுழைவதற்கான 'மல்ட்' என்ற குறிப்பு இருந்தால் இந்தத் தடை இல்லை. அப்போதும், இந்தியக் கடவுச்சீட்டில் மொராக்கோவுக்குச் செல்ல அந்நாட்டின் விசாவைத் தனியாகப் பெற வேண்டும். ஷெங்கன் விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் ஷெங்கன் நாடுகளோடு நின்றுவிடும் என்பதால், வயதானவரை அழைத்துச் செல்லும்போது மொராக்கோவுக்கென்று ஒரு காப்பீடு எடுத்துவிடுங்கள். உங்கள் நால்வருக்கும் விசா தேவையில்லை; ஜெர்மன் ஓட்டுநர் உரிமமும் அங்கே செல்லும்.

அடுத்து கார். மொராக்கோ சுங்கத்துறை வெளிநாட்டு வாகனத்தைத் தற்காலிக இறக்குமதியாகவே உள்ளே விடுகிறது. அந்தப் பதிவு காரைக் கொண்டுவருபவரின் பெயரில் ஏறுகிறது. கொண்டுவந்தவர் காரோடுதான் வெளியேற வேண்டும் என்பதே இதன் பொருள். ஊரில் ஓர் அவசரம் என்று மராகேஷிலிருந்து விமானமேற நினைத்தாலும், விபத்தில் கார் நொறுங்கிவிட்டாலும், முதலில் சுங்கத்தோடு கணக்குத் தீர்த்தாக வேண்டும். கார் உங்கள் சொத்தாக இல்லாதபோது, அதை மொராக்கோவுக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தந்திருக்க வேண்டும். குத்தகை நிறுவனங்கள் பல ஐரோப்பாவுக்கு வெளியே காரைக் கொண்டுசெல்ல இசைவதில்லை. ஆகவே ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படித்து, இசைவுக் கடிதத்தையும் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் கேட்டுப் பெறுங்கள். மறுத்துவிட்டால், காரை ஸ்பெயினில் நிறுத்திவிட்டு, கார் இல்லாத பயணிகளாகக் கடலைக் கடந்து, டான்ஜியரில் வாடகைக் கார் எடுப்பது அப்படியொன்றும் மோசமான மாற்று அல்ல.

காப்பீட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. பன்னாட்டு மோட்டார் காப்பீட்டுச் சான்றான பச்சை அட்டையில் மொராக்கோவின் 'எம்.ஏ.' என்ற குறியீடு குறுக்குக் கோடிட்டு நீக்கப்படாமல் இருந்தால், நீங்கள் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்குக் காப்பீடு உண்டு. ஆனால் உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான முழுக் காப்பீடு, பல ஜெர்மன் ஒப்பந்தங்களில் புவியியல்படியான ஐரோப்பாவோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகஸ்ட்டைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: தவிர்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் வாழும் மொராக்கோ மக்கள் கோடையில் குடும்பத்தோடு காரில் ஊர் திரும்புகிறார்கள். இதற்காக ஸ்பெயினும் மொராக்கோவும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை தனி ஏற்பாடே செய்கின்றன. ஆகஸ்ட் தொடக்கத்தில் தெற்கு நோக்கியும், அதன் கடைசியில் வடக்கு நோக்கியும் துறைமுகத்தில் கார்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். பிரான்ஸின் லியோனிலிருந்து ஓரான்ஷ் செல்லும் ஏ7 நெடுஞ்சாலையும் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நகராது. மராகேஷின் வெயிலோ 40 பாகையைத் தாண்டும். உங்கள் மாநிலத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வார விடுமுறை உண்டே, அது இதைவிடப் பொருத்தம்; ஹஜ் பெருநாள் அந்த வாரங்களில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து அல்ஹெசிராஸ் சுமார் 2,300 கிலோமீட்டர். தாயாரும் பிள்ளைகளும் இருப்பதால் போக நான்கு நாள், வர நான்கு நாள் வையுங்கள். இரண்டு வார விடுமுறையில் மீதமிருப்பது ஆறே நாள் என்பதால், மராகேஷை விட்டுவிட்டு டான்ஜியர், செஃப்சவுன், ஃபெஸ் ஆகிய வட நகரங்களோடு நிறைவடைவதே அறிவுடைமை; மராகேஷ்தான் வேண்டுமென்றால் மூன்று வாரம் தேவை. பிரான்ஸில் சுங்கச்சாவடிகள் பையைக் கரைக்கும். ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்து ஏ.பி.7 சாலையில் லா ஹுன்கேராவிலிருந்து அலிகாந்தே வரை 2021 முதல் கட்டணம் இல்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகு கப்பல் சீட்டு. திரும்பும் நாளைக் குறிக்காத இருவழிச் சீட்டாக வாங்குங்கள். கூரைமேல் பெட்டி வைத்திருந்தால், அதையும் சேர்த்த உயரத்தைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மொராக்கோவின் கடிகாரம் கோடையில் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதையும் திரும்பும்போது நினைவில் வையுங்கள். ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கேள்வி: தெற்கு பிரான்ஸின் செத் துறைமுகத்திலிருந்தே மொராக்கோவுக்குக் கப்பல் இருக்கும்போது, ஸ்பெயின் முழுவதையும் ஓட்டிக் கடப்பது வீண்தானே?
– ஒரு வாசகி, லியோன்

பதில்: உங்களைப் போல அருகில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழியே, ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் ஓட்டும் களைப்பு மிச்சம். ஆனால் கடலில் இரண்டு இரவு கழியலாம், படுக்கையறையோடு சேர்ந்த கட்டணம் கோடையில் மிகவும் ஏறும். பெட்ரோல், சாலைக் கட்டணம், விடுதி ஆகியவற்றைக் கூட்டி, அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பல் ஓடும்போது கார்த்தளத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் மருந்து, மாற்றுடை, பிள்ளைகளின் தின்பண்டம் எல்லாவற்றையும் கையோடு மேலே கொண்டுபோய்விட வேண்டும். மொராக்கோ காவல்துறையினர் கப்பலிலேயே கடவுச்சீட்டில் முத்திரை இடுவதும் உண்டு. அறிவிப்பு வந்தவுடன் வரிசையில் நின்றுவிட்டால், கரையில் காரோடு தவிக்க நேராது.

கேள்வி: செயூட்டா வழியாகப் போனால் செலவு குறையுமா?
– ஒரு வாசகர், மலாகா

பதில்: செயூட்டா ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பெயின் நகரம், அல்ஹெசிராஸிலிருந்து ஒரு மணி நேரக் கப்பல். அங்கே எரிபொருள் மலிவு என்பதால் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கடவுச்சீட்டு, காரின் சுங்கப் பதிவு இரண்டையும் தாரஹால் தரை எல்லையில் முடிக்க வேண்டும். அங்கே வரிசை எப்போது நீளும் என்று கணிக்க முடியாது. பிள்ளைகள் இல்லாத பயணமென்றால் முயன்று பாருங்கள்.