வீட்டுப் பத்திரத்த வெச்சு சீட் வாங்க வேண்டாம்ணா

திருப்பூர்ல சாயப்பட்டறையில பாய்லர் ஆபரேட்டரா இருக்கிற ஒரு அண்ணா பொண்ண கூட்டிட்டு வந்தாரு. பாப்பாவுக்கு மெக்கானிக்கல் தான் வேணுமாம், பெங்களூர்ல இருக்கிற மாமா பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது, மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கன்னு தெனம் போன் பண்றாராம், வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெக்கலாமான்னு கேக்குறாரு.

பயப்படாதீங்கண்ணா, ரெண்டுமே நல்ல கோர்ஸ்தான். ஆனா பத்திரத்த வெக்காதீங்க. வட்டி கட்டப்போறது நீங்க, மாமா இல்ல. பாப்பா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், கவுன்சிலிங் வழியா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் எடுத்தா டியூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டுது, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வேற. மேனேஜ்மென்ட் சீட்டுன்னா அந்த பீஸ் சலுகை கெடையாது. கையில இருக்கிறத விட்டுட்டு கடன் வாங்குறதுல எனக்கு சம்மதமே இல்ல.

ஐடி வேலையப் பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. மெக்கானிக்கல் படிச்சா போகலாம்னு யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, எனர்ஜி ஆடிட், அதாவது ஆலையில எரிபொருளும் கரண்டும் எங்க வீணாகுதுன்னு கணக்கு பாக்குற வேலை. பாப்பா என்கிட்ட கேட்டுச்சு, "அப்பா பட்டறையில அந்த சுடுதண்ணிய ஏன் சார் சாக்கடையில விடறாங்க?"ன்னு. அந்தக் கேள்விதாண்ணா இந்த வேலையே. ஸ்டீம் குளுந்து வர்ற கண்டன்சேட்ட வெளிய விட்டுட்டு பாய்லருக்கு பச்சத்தண்ணி ஊத்துறாங்க, பாய்லருக்குள்ள போற அந்தத் தண்ணி (பீட் வாட்டர்) 6 டிகிரி கூட சூடா போனாலே எரிபொருள் சுமாரா 1 சதவீதம் மிச்சம், சிம்னில போற புகையோட சூடு 22 டிகிரி கொறைஞ்சாலும் அதே 1 சதவீதம். ஆடிட் பண்றவங்க புகை போற வழியில ப்ரோப் விட்டு ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாப்பாங்க, ரொம்ப ஜாஸ்தின்னா தேவைக்கு மேல காத்து உள்ள போகுது, அந்தக் காத்தையும் வெறகு போட்டு சூடாக்கி வெளிய விட்டுட்டு இருக்கோம்னு அர்த்தம். ஸ்டீம விடாம கண்டன்சேட்ட மட்டும் வெளிய விடற ஸ்டீம் ட்ராப் வால்வு கெட்டிருக்கான்னு அல்ட்ராசோனிக் கருவி வெச்சு சத்தத்துலயே புடிப்பாங்க. கம்ப்ரசர் லைன்ல காத்து கசியறது, தேவையில்லாம புல் ஸ்பீடுல ஓடற பேன், எல்லாமே கணக்குக்கு வரும்.

2001ல வந்த எனர்ஜி கன்சர்வேஷன் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல எனர்ஜி செலவு பண்ற டெக்ஸ்டைல், சிமெண்ட், பேப்பர் ஆலைங்க எனர்ஜி மேனேஜர் வெச்சே ஆகணும். பி.இ. முடிச்சு 3 வருஷம் எனர்ஜி சம்பந்தப்பட்ட வேலையில இருந்தா பி.இ.இ.ங்கிற மத்திய அரசு அமைப்பு (Bureau of Energy Efficiency) நடத்துற தேசிய தேர்வு எழுதலாம், மொத்தம் நாலு பேப்பர், மொத மூணு பாஸானா மேனேஜர், நாலும் பாஸானா ஆடிட்டர். மேல படிக்கணும்னா சென்னை கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியிலயே எம்.இ. எனர்ஜி இன்ஜினியரிங் இருக்கு.

ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு வராதுண்ணா, மறைக்க மாட்டேன். பாய்லர் ஹவுஸ் சூட்டுல நிக்கணும், ஊர் ஊரா போகணும். தெர்மோடைனமிக்ஸ், ஹீட் ட்ரான்ஸ்பர் ரெண்டுலயும் நெறைய பசங்க அரியர் வெப்பாங்க, ஆனா இதுதான் வேணும்னு வர்ற புள்ளைங்க எப்படியும் படிச்சிரும், விருப்பமில்லாம கோடிங் படிக்கிற புள்ளதான் ரெண்டாவது வருஷம் தடுமாறும்.

இப்போதைக்கு யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் குடுக்காதீங்க. கவுன்சிலிங்ல காலேஜ் வரிசை போடற சாய்ஸ் பில்லிங்ல கோயம்புத்தூர் ஜி.சி.டி. (அதுவும் கவர்மென்ட் காலேஜ்தான்), சேலம் கவர்மென்ட் காலேஜ் மெக்கானிக்கல மேல போடுங்க, தனியார் காலேஜ்னா லேப்ப நேர்ல போய் பாத்துட்டு அப்புறம் போடுங்க. கவுன்சிலிங் பாஸ்வேர்ட் பாப்பா கையிலயே இருக்கட்டும், ப்ரவுசிங் சென்டர்ல விட்டுட்டு வந்துராதீங்க.