கட்டிக் கிடந்த கப்பல் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

திருகோணமலை துறைமுகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் 'நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல்' என்று ஒரு வரி வருகிறது, உடனே நீங்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலை டாக்யார்டில் கூலி வேலை பார்த்தவர். அங்கே ஒரு கப்பல் நின்றது, அது நகரவே நகராது, உள்ளே லேத் பட்டறை, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை எல்லாம் உண்டு, விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் ரொட்டி வாசம் வரும் என்று சொல்வார். நாங்கள் நம்பியதில்லை. தாத்தா கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

நெட்டில் தேடியபோது மெய்ட்ஸ்டோன் என்ற பெயர் கிடைத்தது. ஆனால் அதே பெயரில் அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டில், ஒரு சிறைக்கப்பல் இருந்ததாகவும் வருகிறது. இரண்டும் ஒன்றா? தாத்தா சொன்னது இந்தக் கப்பலைத்தானா? இன்னொன்று, இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "ஒரு சண்டை கூடப் போடாத கப்பலுக்கு என்னய்யா சரித்திரம்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க., இராமநாதபுரம்

அன்புள்ள க.,

இரண்டும் ஒரே கப்பல்தான். உங்கள் தாத்தாவும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் பார்த்தது மெய்ட்ஸ்டோன்தானா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தக் காலத்து நீர்மூழ்கிக்குள் போய்வந்தவர்கள் முதலில் சொல்வது நாற்றத்தைப் பற்றித்தான். டீசல், வியர்வை, பாட்டரி அமிலம், நேற்று வதக்கிய வெங்காயம் எல்லாம் கலந்த ஒரு நாற்றம். பிரிட்டனின் டி வகை நீர்மூழ்கியில் அறுபது பேர் இருப்பார்கள். குளிக்கத் தண்ணீர் கிடையாது. பாட்டரி என்றால் நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி ஒன்றிரண்டு இல்லை, 336 செல்கள், ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத கனம். டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்துபோய் வெடிக்கிற குண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை டன், ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். இப்படி ஒரு படகு மூன்று வாரம் சுற்றிவிட்டு வந்தால் அதற்கு எல்லாமே வேண்டும், ஆளுக்கும் வேண்டும், இயந்திரத்துக்கும் வேண்டும். பெரிய கடற்படைத் தளமாக இருந்தால் கரையிலேயே எல்லாம் கிடைக்கும். ஆனால் தளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சண்டை நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. அதனால் தளத்தையே கப்பலாகக் கட்டிவிட்டார்கள். தாய்க்கப்பல், டிப்போ கப்பல் என்பதெல்லாம் இதுதான்.

மெய்ட்ஸ்டோன் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், ஜான் பிரவுன் கம்பெனியின் கப்பல் கட்டும் இடத்தில், 1937 அக்டோபரில் நீரில் இறங்கியது. அடுத்த ஆண்டு கடற்படையில் சேர்ந்தது. ஒன்பது நீர்மூழ்கிகளை ஒரே நேரத்தில் பராமரிக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்காக உள்ளே என்னென்ன வைத்திருந்தார்கள் என்றால், வார்ப்புப் பட்டறை, செம்பு வேலை செய்கிற இடம், தச்சுப் பட்டறை, கனரக லேத்துகளும் சிறிய லேத்துகளும் தனித்தனியாக, மின்சாரப் பிரிவு, டார்பிடோ பழுது பார்க்கும் இடம், நீர்மூழ்கிகளின் பாட்டரியை சார்ஜ் செய்யும் நிலையம், நூற்றுக்கும் மேற்பட்ட டார்பிடோக்களுக்கான கிடங்கு. ஆட்களுக்கு ஆபரேஷன் தியேட்டரோடு ஆஸ்பத்திரி, பல் டாக்டர், நீராவி சலவைக்கூடம், முடி திருத்தும் கடை, தேவாலயம், சினிமா. ரொட்டி சுடும் அடுமனையும் உண்டு. உங்கள் தாத்தாவின் மூக்கை இனிமேல் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

திரும்பி வருகிற நீர்மூழ்கியை நினைத்துப் பாருங்கள். எதையாவது மூழ்கடித்துவிட்டு வந்தால் மண்டை ஓட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு வருவது பிரிட்டிஷ் நீர்மூழ்கிக்காரர்களின் பழக்கம், கடற்கொள்ளையர் கொடிதான், அதில் மூழ்கடித்த கப்பலுக்கு ஒரு கோடு என்று தைத்துக்கொண்டே போவார்கள். தாய்க்கப்பலின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். மேல்தளத்தில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள். தாடியும் அழுக்குமாக ஒவ்வொருவராக ஏணி ஏறிப் போய், முதலில் குளியல், அப்புறம் மூன்று வாரத் தபால், அப்புறம் ஆறாத சோறு. அவர்கள் ஏறி முடித்ததும் தாய்க்கப்பலின் ஆட்கள் கருவிப்பெட்டியோடு கீழே இறங்குவார்கள். யாருக்காவது காய்ச்சல், யாராவது அடிபட்டிருந்தால், தாய்க்கப்பலிலேயே மாற்று ஆள் தயாராக இருப்பார், அடுத்த பயணத்துக்கு அவர் போவார். உதிரி பாகம் மாதிரி உதிரி மனிதர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் நண்பர் கேட்டது. மெய்ட்ஸ்டோனில் எட்டு 4.5 அங்குல பீரங்கிகள் இருந்தன, முக்கியமாக விமானத் தாக்குதலைச் சமாளிக்க. அதை வைத்துக்கொண்டு அது எந்தக் கப்பலையும் துரத்திப் போகவில்லை, சரி. ஆனால் அது எங்கெங்கே கட்டிக் கிடந்தது என்று பாருங்கள், யுத்தம் எங்கே போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். 1941-ல் ஜிப்ரால்டர். 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதும் அல்ஜியர்ஸ். 1943 கடைசியில் பிரிட்டனின் கிழக்குக் கடற்படைக்கு மாற்றி, 1944-ல் திருகோணமலை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில். 1945-ல் பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடா, ஆகஸ்ட் கடைசியில் ஹாங்காங்கை ஜப்பானியரிடமிருந்து திரும்ப வாங்கப் போன கப்பல்களோடு அங்கேயும். நகராத கப்பல் என்று தாத்தா சொன்னது அவர் பார்த்த சில மாதங்களுக்குச் சரி.

ஜிப்ரால்டரில் இருந்தபோது அதன் கேப்டன் ஃபாக்ஸ் என்பவர்தான் 8-ஆவது நீர்மூழ்கிப் படைப்பிரிவுக்கும் தலைவர். அந்தப் பிரிவில் ஸெராஃப் என்று ஒரு நீர்மூழ்கி. 1942 அக்டோபரில் அமெரிக்க ஜெனரல் மார்க் கிளார்க்கை ஏற்றிக்கொண்டு போய் அல்ஜீரியக் கரையில் ராத்திரியோடு ராத்திரியாக மடக்குப் படகில் இறக்கிவிட்டது, பிரெஞ்சு அதிகாரிகளோடு ரகசியப் பேச்சு நடத்துவதற்காக. திரும்பும்போது அலை படகைக் கவிழ்த்ததில் ஜெனரல் தன் கால்சட்டையைத் தொலைத்துவிட்டார். சில நாளிலேயே அதே ஸெராஃபை பிரான்ஸிலிருந்து பிரெஞ்சு ஜெனரல் ஜிரோவைக் கூட்டிவர அனுப்ப வேண்டும். அவரோ பிரிட்டிஷ் கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். அதற்காக ஜெரால்ட் ரைட் என்ற அமெரிக்கக் கேப்டனைப் பெயருக்குத் தலைவராக உட்கார வைத்து, இது அமெரிக்க நீர்மூழ்கி என்று சொல்லி ஏற்றிவந்தார்கள். ஓட்டியது என்னவோ அதன் வழக்கமான பிரிட்டிஷ் தலைவர் ஜூவல்தான். இந்தக் கூத்துக்குக் கிளம்பியதெல்லாம் மெய்ட்ஸ்டோனின் பக்கத்திலிருந்துதான். சண்டை போடாத கப்பல் என்று சொன்ன நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இப்படிப் பெருமை பேசினாலும் அந்தக் கப்பலின் கதைக்கு இது முழுப் பதிலாகாது என்றே தோன்றுகிறது. அதன் வரலாற்றை வரிசையாகப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: அதில் இடம் இருந்தது. மற்ற போர்க்கப்பல்களில் மனிதனுக்கென்று இடமே இருக்காது, பீரங்கிக்கும் கொதிகலனுக்கும் போக மிச்சத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு தூங்குவார்கள். இதிலோ தன் ஆட்கள் போக, நீர்மூழ்கிகளின் ஆட்களுக்கும் சேர்த்துப் படுக்கை. அதனால் எங்கே மனிதர்களைக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தாலும் அதிகாரிகளுக்கு இந்தக் கப்பல் ஞாபகம் வந்தது.

முதல் முறை நல்ல காரியத்துக்கு. 1942 மார்ச் 1-ந் தேதி ஜாவாக் கடலில் மூழ்கிய எக்ஸெட்டர், என்கவுன்டர் போன்ற பிரிட்டிஷ் கப்பல்களின் மாலுமிகள் மூன்றரை வருஷம், இன்று இந்தோனேசியாவில் இருக்கும் மக்காசரில் ஜப்பானியரிடம் கைதிகளாகக் கிடந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களில் ஏறத்தாழ 400 பேரை ஏற்றிக்கொண்டு போனது மெய்ட்ஸ்டோன். அந்த அடுமனையின் ரொட்டியை அவர்கள் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1955-ல் நடந்தது வேறு மாதிரி. ஜூன் 16, காலை எட்டரை மணிக்குச் சற்று முன்னால். இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் மெய்ட்ஸ்டோனின் பக்கத்தில் கட்டியிருந்த ஸிடன் என்ற நீர்மூழ்கிக்குள் புது வகை டார்பிடோ ஒன்று வெடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு எரிபொருளில் ஓடும் சோதனை டார்பிடோ. பன்னிரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். மெய்ட்ஸ்டோனிலிருந்து மீட்க ஓடினவர்களில் ரோட்ஸ் என்ற டாக்டர் ஒருவர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். நீர்மூழ்கிக்காரர்களின் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு புகைக்குள் இறங்கினார். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சிலரைக் காப்பாற்ற உதவிவிட்டு அங்கேயே மூச்சு முட்டி இறந்தார், பதின்மூன்றாவது ஆள். கொஞ்ச நேரத்தில் ஸிடன் தாய்க்கப்பலின் அருகிலேயே மூழ்கியது. உயிர் காக்கப் போனவர்களுக்குத் தருகிற ஆல்பர்ட் பதக்கத்தை டாக்டருக்கு இறந்தபின் கொடுத்தார்கள். பிரிட்டன் அந்த எரிபொருளைக் கைவிட்டது. ரஷ்யா கைவிடவில்லை, 2000-ல் குர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேரோடு போனதற்கும் இதே வகை எரிபொருள்தான் காரணம்.

அதன்பின் அணுசக்தி நீர்மூழ்கிகள் வந்தன, அவற்றுக்காகக் கப்பலை மாற்றியமைத்து, 1960-களில் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் வைத்திருந்தார்கள். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

1969-ல் வட அயர்லாந்தில் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியதும், சிப்பாய்களைத் தங்கவைக்க இடம் போதவில்லை. மெய்ட்ஸ்டோனைப் பெல்ஃபாஸ்டுக்கு இழுத்து வந்து கட்டினார்கள், 2,000 பேர் தங்க என்று. 1971 ஆகஸ்ட் 9-ல் விசாரணையில்லாமல் ஆட்களைப் பிடித்து அடைக்க ஆரம்பித்தபோது சிறையிலும் இடம் போதவில்லை. மறுபடி அதே கப்பல். பின்பக்கத்தில் இரண்டு தளங்களைத் தடுத்துக் கைதிகளை வைத்தார்கள், மேல்தளத்தில் நடக்கிற இடத்தைச் சுற்றி முள்கம்பி, தண்ணீருக்குள்ளும் முள்கம்பி. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதை எதிர்க்கிற ஷின் ஃபெய்ன் கட்சிக்குப் பிற்காலத்தில் தலைவரான ஜெர்ரி ஆடம்ஸும் அங்கே இருந்தவர்தான். காவலுக்கு வந்தவர்களும் அடைபட்டவர்களும் ஒரே கப்பலில்.

தண்ணீருக்குள் இருந்த கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கடல்நாய் உள்ளே வந்து போவதைக் கைதிகள் கவனித்தார்கள். அது வருகிறதென்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. 1972 ஜனவரி 17 மாலை, ஒரு ஜன்னல் கம்பியை அறுத்து, குளிர் தாங்க உடம்பெல்லாம் வெண்ணெயும் கறுப்பு பூட் பாலிஷும் பூசிக்கொண்டு ஏழு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். ஜனவரி மாத பெல்ஃபாஸ்ட் தண்ணீர். சுமார் 300 கெஜம் நீந்திக் கரையேறி, அரை நிர்வாணமாக ஒரு பஸ்ஸைக் கைப்பற்றி ஓட்டிக்கொண்டு தப்பிவிட்டார்கள். அந்த ஏப்ரலில் லண்டன் அரசு கப்பல் சிறையை மூடியது. சிப்பாய்களைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், கைதிகளின் அரசியல் பற்றி உங்களுக்கு எது இருந்தாலும், அந்த வெண்ணெய் கப்பலின் சமையல்கட்டிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1978-ல் ஸ்காட்லாந்தின் இன்வர்கீதிங்கில் உடைத்து எடைக்குப் போட்டார்கள்.

சரி, உங்கள் தாத்தா. திருகோணமலையில் மெய்ட்ஸ்டோன் இருந்தது சில மாதங்கள்தான். அதற்கு முன்பிருந்தே, 1943-லிருந்து, அங்கே அடமன்ட் என்ற தாய்க்கப்பல் நின்றது. மலாக்கா நீரிணைக்குப் போய், 1944 ஜனவரியில் பினாங்கு அருகே குமா என்ற ஜப்பானிய குரூஸர் வகைப் போர்க்கப்பலை மூழ்கடித்த டாலி-ஹோ நீர்மூழ்கி அதன் பிள்ளைதான். அடுத்த மாதமே ஒரு ஜப்பானியப் படகின் அடியில் சுழலும் விசிறி விலாவைக் கிழித்துவிட, ஒரு பக்கம் சாய்ந்தபடியே டாலி-ஹோ திருகோணமலை வந்து சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் அடமன்ட் கட்டப்பட்டது பெல்ஃபாஸ்டில். மூன்றாவதாக வூல்ஃப், பயணிகள் கப்பலாக இருந்து மாற்றப்பட்டது. இந்த வகைக் கப்பல் எதுவானாலும் பட்டறை இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும், ரொட்டி அடுப்பும் எரியும்.

தாத்தா எந்த வருஷம், எந்த மாதம் அங்கே இருந்தார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 1944 செப்டம்பருக்கு அப்புறம் என்றால் அவர் முகர்ந்தது மெய்ட்ஸ்டோனின் ரொட்டி இல்லை.