புதுசா சுதந்திரம் கிடைச்ச நாட்டில தலைவர்மார் முன்னேற்றத்தைப் பற்றிக் கதைக்கிறத எவ்வளவு நம்பலாம்?

என்ட அம்மம்மாவுக்கு இதுக்கு ஒரு அளவுகோல் இருந்தது. வெள்ளவத்தை வீட்டில டிவில சுதந்திர தினப் பேச்சு போனா, கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அரிசி விலையப் பற்றி ஏதும் சொன்னவரே?" எண்டுதான் கேப்பா.

இலங்கையின்ட முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவுக்கு முன்னேற்றம் எண்டா குளமும் நெல்லும்தான், 1949ல கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தையும் தொடங்கினவர், சும்மா வாய்ப்பேச்சு எண்டு சொல்லேலாது (அந்தக் குடியேற்றத்தால வந்த இனப் பிரச்சினை தனிக் கதை, அதுக்குள்ள போனா விடிஞ்சிடும்).

1953தான் முக்கியம். கொரியா யுத்த நேரம் ரப்பர் விலை ஏறிக் காசு வந்தது, பிறகு விலை விழுந்திட்டுது, வெளியில இருந்து வாங்கிற அரிசி மட்டும் ஏறிக்கொண்டே போகுது. நிதி மந்திரி ஜே.ஆர். ஜெயவர்தன அரிசி மானியத்த வெட்டினார். 25 சதத்துக்குக் கிடைச்ச ஒரு கொத்து கூப்பன் அரிசி 70 சதம், அதோட பள்ளிக்கூடப் பிள்ளையளின்ட சாப்பாட்டிலயும் கை வச்சாச்சு. கணக்குப்படி அவர் சொன்னதில நியாயம் இருந்திருக்கலாம், ஆனா சுதந்திரம் கிடைச்சு 5 வருஷம் ஆன சனத்துக்கு முன்னேற்றம் தட்டிலதானே தெரியோணும்? ஆகஸ்ட் 12 ஹர்த்தால். மந்திரிசபை கொழும்பு துறைமுகத்தில நிண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலில ஏறிக் கூட்டம் வச்சது, சொந்த சனத்துக்குப் பயந்து! ரெண்டு மாசத்தில பிரதமர் டட்லி சேனநாயக்க பதவிய விட்டுட்டுப் போயிட்டார்.

நான் பாக்கிற இன்னொரு விஷயம், தலைவர்மாரின்ட பேச்சில வாற "நாங்கள்" எண்ட சொல்லுக்குள்ள ஆர் ஆர் இருக்கினம் எண்டது. நாட்டுக்கு வெளிநாட்டுக் காசு கொண்டு வந்தது தேயிலை, அதைக் கிள்ளின மலையகத் தமிழ்ச் சனத்தின்ட பிரஜாவுரிமைய 1948லயே சட்டம் போட்டுப் பறிச்சவை, அடுத்த வருஷம் வோட்டும் போச்சு. 1956ல சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி எண்டு தனிச் சிங்களச் சட்டம். சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ 1965ல மலேசியாவில இருந்து சிங்கப்பூர் பிரிஞ்ச அண்டைக்கு டிவியில அழுதவர், ஆனா அதே நாள் இது மலாய்க்காரரின்ட நாடும் இல்ல, சீனரின்ட நாடும் இல்ல, இந்தியரின்ட நாடும் இல்ல எண்டு தெளிவாச் சொன்னவர். அவரும் ஒண்டும் புனிதர் இல்ல, எதிர்க்கட்சிக்காரர வருஷக்கணக்கா விசாரணையே இல்லாம உள்ள வச்ச ஆள், எண்டாலும் தமிழ் அங்க ஆட்சிமொழியா இருக்கு.

எங்கட ஆக்களும் எலெக்‌ஷன் வந்தா நாட்ட சிங்கப்பூர் மாதிரி ஆக்கிறம் எண்டுதான் வாறவை. 2022ல நாங்கள் காஸுக்கும் பெற்றோலுக்கும் லைனில நிண்டு காஞ்சம், ஜூலையில நாட்ட விட்டு ஓடின ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின்ட ராஜினாமாக் கடிதம் வந்தது. எங்க இருந்து எண்டு தெரியும்தானே? சிங்கப்பூரில இருந்து.