கிழிந்த தசை மீண்டும் வளருமா?

கேள்வி: ஓடும்போது என் பின்தொடைத் தசை கிழிந்து, சில நாட்கள் வீங்கியிருந்தது. அங்கே புதிய தசை வளருமா, தழும்புதான் மிஞ்சுமா? வீக்கம் வந்தது கெடுதலா?

பதில்: இரண்டுமே உருவாகும், எது மேலோங்கும் என்பது பலவகைச் செல்கள் உரிய நேரத்தில் வந்து, உரிய நேரத்தில் விலகுவதைப் பொறுத்தது.

தசையிழை என்பது நூற்றுக்கணக்கான உட்கருக்கள் கொண்ட நீண்ட செல். அந்த உட்கருக்கள் பிரிந்து பெருகுவதில்லை. அந்த வேலையைச் செய்பவை, இழையின் சவ்வுக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு உறங்கும் 'சாட்டிலைட் செல்கள்'. 1961இல் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்த அலெக்சாண்டர் மௌரோ இவற்றை விவரித்தார். சுண்டெலிகளில் இச்செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினால் புதிய இழைகள் உருவாவதில்லை என்பது பின்னர் உறுதியானது.

ஆனால் உறங்கும் செல் விழித்தால் மட்டும் போதாது. காயம்பட்ட சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்களும், அவற்றைத் தொடர்ந்து மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்களும் இரத்தத்திலிருந்து வந்து குவிகின்றன. நீங்கள் கண்ட வீக்கத்தில் இவற்றுக்கும் பங்குண்டு. மேக்ரோஃபேஜ்கள் சிதைந்த இழைகளை விழுங்கி அகற்றுவதோடு, சாட்டிலைட் செல்களைப் பெருகவும் தூண்டுகின்றன. சில நாட்களில் அவை குணம் மாறி, அழற்சியைத் தணித்து, பெருகிய செல்கள் ஒன்றோடொன்று இணைந்து இழையாவதற்குத் துணைநிற்கின்றன. ஆகவே தொடக்க வீக்கத்தைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. அதை அடக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நாள் விழுங்குவது சரியன்று என்பதே என் கருத்து.

அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு. இழைகளுக்கு இடையே வாழும் ஒருவகை இணைப்புத்திசு முன்னோடிச் செல்கள் காயத்துக்குப் பின் வேகமாகப் பெருகி, சாட்டிலைட் செல்களுக்கு வேண்டிய புரதங்களைச் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் இவற்றுள் பெரும்பகுதி மடிந்தாக வேண்டும். மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் ஒரு புரதமே இவற்றை மடியச் செய்கிறது. அழற்சி ஓயாமல் நீடித்தால் இவை தங்கிவிட்டு, நார்த்திசுவாகவும் கொழுப்பாகவும் மாறுகின்றன. புதிய இரத்த நுண்குழாய்களும் நரம்பிணைப்பும் இல்லாவிட்டால் புதிய இழை முதிர்ச்சி அடையாது.

புதிய இழையைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடையாளம் தெரியும்: வழக்கமாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் உட்கரு, அதில் நட்டநடுவே இருக்கும்.

உங்கள் காயத்தில் உறை தப்பிய இடங்களில் அந்த உறையே வார்ப்பாக நின்று புதிய இழையை வழிநடத்தும். உறையும் சேர்ந்து அறுந்து இடைவெளி விழுந்த இடத்தைத் தழும்புத் திசுவே இட்டு நிரப்பும்.